பி-யா சி-யா என்று கேட்பதற்கு முன்னால்: ஜிமேட் இயற்கணிதமும் சேர்வுக் கணக்கும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் நோட்டோடு வந்துவிடுவான். எம்பிஏ படிக்கவேண்டும் என்று ஜிமேட் எழுதப் போகிறான். சேர்வுக் கணக்கு, அதாவது எத்தனை விதமாக எடுக்கலாம், அடுக்கலாம் என்று எண்ணுகிற கணக்கு வந்தால், கேள்வியைப் பாதிகூட வாசித்திருக்க மாட்டான், அதற்குள் "மாமா, இதுக்கு பி-யா, சி-யா?" என்பான். வரிசைப்படுத்துகிற என் பி ஆர் சூத்திரமா, வரிசை பார்க்காமல் தேர்ந்தெடுக்கிற என் சி ஆர் சூத்திரமா என்று அர்த்தம். நானும் வாராவாரம் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: "ஏல, என்னத்தக் கேக்கான்னு மொதல்ல தமிழ்ல சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்வதில்லை. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் போவதில்லை. கேள்வி என்ன கேட்கிறது என்பது மண்டையில் இறங்குவதற்கு முன்னால் கை சூத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறது, அங்கேதான் வழுக்குகிறது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. இப்போதுள்ள ஜிமேட் வடிவம் 2023 நவம்பரில் வந்தது. கணக்குப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 2 நிமிடம் 8 விநாடி சொச்சம். வடிவியலை எடுத்துவிட்டார்கள், எண்கணிதமும் இயற்கணிதமும்தான் மிச்சம். இந்தப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. கேள்விக்கு ஐந்து விடைகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஜிஆர்இ எழுதுபவர்களுக்கும் ஐஐஎம்முக்கான கேட் எழுதுபவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில் இயற்கணிதம். ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்' என்று வரும். வாசித்த வரிசையிலேயே எழுதினால் 5-இலிருந்து இருமடங்கைக் கழித்துவைப்போம், தப்பு. அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஒரு எண்ணின் இருமடங்கைவிட 5 குறைவு. எண் முதலில் வந்துவிட்டது, அப்புறம் இருமடங்கு, கடைசியில் 5 கழிகிறது. கை எழுதவேண்டிய வரிசையும் அதேதான்: 2எ − 5. நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் இந்த வகைக் கேள்விகளில் நமக்கு ஓசியில் ஒரு வசதி, அதை விட்டுவிட்டு ஆங்கில வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவானேன்?

இதே குடும்பத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. ஆசிரியர்களைப் போல 30 மடங்கு மாணவர்கள் என்றால் நிறையப் பேர் 30மா = ஆ என்று எழுதிவிடுகிறார்கள். பத்து ஆசிரியர்கள் என்று வைத்துப் பாருங்கள், மாணவர்கள் 300. அப்படியானால் மா = 30ஆ. சமன்பாடு எழுதியதும் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து விநாடிதான் ஆகும், அந்த ஐந்து விநாடியை மிச்சம்பிடிக்கிறேன் என்று போனவர்கள்தான் அடுத்த இரண்டு நிமிடத்தைத் தொலைக்கிறார்கள்.

மாறிகளுக்கு எக்ஸ், ஒய் என்று வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சொந்த அனுபவம் ஒன்று காரணம். நான் இந்தத் தேர்வை எழுதியபோது இரண்டு விலைகளைக் கண்டுபிடிக்கச் சொன்ன ஒரு கணக்கை அழகாகப் போட்டு, எக்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் அதையே விடையாகத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனேன், கேட்டது ஒய். எக்ஸின் மதிப்பும் விடைகளில் ஒன்றாக இருந்தது, இருக்காமல் எங்கே போகும், இந்த அவசரத்தை எதிர்பார்த்துத்தானே அந்த விடைகளை எழுதிவைக்கிறார்கள். அன்றிலிருந்து அல்வா என்றால் அ, மிக்சர் என்றால் மி. எந்த எழுத்து எந்தப் பொருள் என்று தனியாக ஞாபகம் வைக்கவேண்டியதில்லை.

அல்வா என்று சொன்னதால் அதிலேயே ஒரு கணக்கு. 3 பாக்கெட் அல்வாவும் 5 பாக்கெட் மிக்சரும் 610 ரூபாய். 5 பாக்கெட் அல்வாவும் 3 பாக்கெட் மிக்சரும் 830 ரூபாய். ஒரு அல்வா, ஒரு மிக்சர் சேர்ந்து எவ்வளவு? மருமகன் உடனே மேலே உள்ளதை 5-ஆலும் கீழே உள்ளதை 3-ஆலும் பெருக்கி ஒன்றை நீக்கப் புறப்பட்டான். போகலாம், விடை வரும், ஒன்றரை நிமிடம் ஆகும். ஆனால் கேட்டது என்ன? இரண்டும் சேர்ந்த விலை. இரண்டு வரிகளையும் கூட்டினால் 8 அல்வா, 8 மிக்சர், 1440 ரூபாய். எட்டால் வகுத்தால் 180. முடிந்தது. அல்வா 145, மிக்சர் 35 என்று தனித்தனியாகத் தெரிந்துகொள்ளும் அவசியமே வரவில்லை, 145 என்ற வலையில் விழவும் வாய்ப்பில்லை. கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசித்து, கேட்டதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், 'அ + மி = ?' என்று. இந்த ஒரு பழக்கத்திலேயே நாலைந்து கேள்வி தேறும் என்பது என் எண்ணம்.

அடுத்தது விடைகளை வைத்துப் பின்னாலிருந்து போவது. வாத்தியார்கள் பார்த்தால் திட்டுவார்கள், ஆனால் இங்கே நம் வழிமுறைக்கு யாரும் மார்க் போடுவதில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் 24 வயது வித்தியாசம்; இன்னும் 6 ஆண்டில் அம்மாவின் வயது மகள் வயதைப் போல மூன்று மடங்கு; மகளுக்கு இப்போது என்ன வயது? விடைகள் 4, 6, 8, 10, 12 என்று இருக்கிறது. நடுவில் உள்ள 8-ஐ எடுங்கள். அம்மா 32. ஆறு ஆண்டு கழித்து 14, 38. பதினான்கின் மூன்று மடங்கு 42, அது 38-ஐத் தாண்டிவிட்டது. மகள் இன்னும் சின்னவளாக இருக்கவேண்டும், ஆகவே 8, 10, 12 மூன்றும் ஒரே அடியில் போயிற்று. 6-ஐப் போட்டால் 12, 36. சரி. எண் விடைகள் பெரும்பாலும் ஏறுவரிசையில்தான் இருக்கும், அதனால்தான் நடுவில் தொடங்கச் சொல்வது.

இரண்டு மாறிகளுக்கு ஒரே சமன்பாடு இருந்தால் தீராது என்று பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கும். அது எப்போதும் உண்மையில்லை. பழம் 7 ரூபாய், வடை 11 ரூபாய், இரண்டும் வாங்கியதில் சரியாக 100 ரூபாய் ஆயிற்று, எத்தனை பழம்? அரைப் பழம் யாரும் விற்பதில்லை. நூறிலிருந்து பதினொன்று பதினொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் 89, 78, 67, 56. இந்த 56-இல்தான் ஏழு பிடிபடுகிறது. கீழே 45, 34, 23, 12, 1 எதிலும் ஏழு போகாது. நாலு வடை, எட்டுப் பழம், வேறு வழியே இல்லை. ஆள், பழம், டிக்கெட், வண்டி என்று முழுசாக எண்ணுகிற பொருள் கேள்வியில் வந்தாலே இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்னக் கண்ணிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வர்க்கம் 49 என்றால் 7 மட்டும் இல்லை, −7-உம் உண்டு. எ² = 5எ என்று வந்தால் இரண்டு பக்கமும் எ-ஆல் வகுத்துவிடாதீர்கள், பூச்சியம் என்ற விடை காணாமல் போய்விடும்; எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து எ(எ − 5) = 0 என்று எழுதுங்கள். பெரிது சிறிது குறி உள்ள இடத்தில் குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடும்; மாறி நிறை எண்ணா குறை எண்ணா என்று தெரியாதபோது அதனால் பெருக்கவே கூடாது. 73² − 27² மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வர்க்கம் போட உட்கார்ந்தால் அன்றைக்குத் தேர்வு முடிந்தமாதிரிதான்: (73 − 27) × (73 + 27), 46 × 100, அதாவது 4600. கால்குலேட்டர் தராத தேர்வில் அசிங்கமான எண்கள் வந்தால் எங்கோ ஒரு காரணி ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

சரி, சேர்வுக்கு வருவோம். பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் இதன் அடிப்படையை ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். உயிர் 12, மெய் 18. ஒரு உயிரோ ஒரு மெய்யோ எடு என்றால் 12 + 18 = 30. ஒரு மெய்யும் ஒரு உயிரும் சேரவேண்டும் என்றால் 18 × 12 = 216. அதோடு ஆய்தம் ஒன்று, ஆக 247. அதுவா இதுவா என்றால் கூட்டல், அதுவும் இதுவும் என்றால் பெருக்கல். இந்தப் பாடத்தில் இதைத் தாண்டிப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, மற்றதெல்லாம் இரண்டு முறை எண்ணாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல், ஒருநாள் பத்தமடைப் பாயில் புளியங்கொட்டையை எடுத்துப் போட்டேன். அம்மா தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்த கொட்டைகள். ஏழு கொட்டை, ஏழு ஆள் என்று வைத்துக்கொள். குற்றாலத்துக்குப் போகிற காரில் மூன்று பேருக்குத்தான் இடம், எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? அவன் மூன்று கொட்டைகளைத் தள்ளிவைத்தான். நான் அந்த மூன்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுக் கேட்டேன், "இப்ப ஆளு மாறிட்டாவளா?" "இல்ல மாமா, அதே ஆளுதான்." அடுத்த கேள்வி: அந்த ஏழு பேரில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலர், ஒருவர் பொருளாளர். மறுபடியும் மூன்று கொட்டைகளை வைத்தான், மறுபடியும் இடம் மாற்றினேன். கொஞ்ச நேரம் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப தலைவரு வேற ஆளுல்லா" என்றான்.

இவ்வளவுதான் சோதனை. எடுத்தவர்களில் இருவரை இடம் மாற்றிப் பார், ஏதாவது மாறுகிறதா? மாறினால் வரிசை முக்கியம்: 7 × 6 × 5 = 210. மாறாவிட்டால் ஒரே மூவர் ஆறு தடவை எண்ணப்பட்டிருக்கிறார்கள், அதனால் 210-ஐ ஆறால் வகுக்கவேண்டும், 35. என் சி ஆர் சூத்திரத்தில் கீழே நிற்கிற அந்தக் காரணீயப் பெருக்கம் (3! என்று எழுதுவது, 3 × 2 × 1) இந்த ஆறுதான், வேறு மந்திரம் இல்லை. இதைப் புரிந்துகொண்டவனுக்குச் சூத்திரம் மறந்தாலும் குடி முழுகாது. போடும்போதும் முழுசாகப் பெருக்காதீர்கள்: 10 சி 3, அதாவது பத்தில் மூன்றை எடுப்பது என்றால் மேலே 10 × 9 × 8, கீழே 3 × 2 × 1, அடித்தால் 120. 12 சி 10 வந்தால் மலைக்கவேண்டாம், பத்துப் பேரை எடுப்பதும் இரண்டு பேரை விடுவதும் ஒன்றுதான், 12 சி 2, 66.

அந்தக் கொட்டைகளில் நாலை எடுத்து உருட்டினால் இரண்டு வெள்ளை விழ எத்தனை வழி? 4 சி 2, அதாவது 6. ஒவ்வொரு கொட்டைக்கும் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு நிலை, ஆக மொத்தம் 2 × 2 × 2 × 2 = 16. (யாப்பு படித்தவர்களுக்கு இது பழைய சங்கதி: நேர், நிரை என்று இரண்டே அசை, ஓரசைச்சீர் 2, ஈரசை 4, மூவசை 8, நாலசை 16, கூட்டினால் சீர் முப்பது.) இப்போது 'சலசல' என்ற சொல்லில் உள்ள எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்று கேளுங்கள். நாலு எழுத்து, 4! = 24, ஆனால் ச இரண்டு, ல இரண்டு, ஆகவே இரண்டாலும் இன்னொரு இரண்டாலும் வகுக்க 6. சசலல, சலசல, சலலச, லசசல, லசலச, லலசச. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஆறு! நாலு இடத்தில் ச உட்காரும் இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் நாலு கொட்டையில் வெள்ளை விழும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலை என்பது தெரிந்த அன்று மருமகன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கட்டம் கட்டமாகத் தெரு போட்ட காலனியில் மூன்று தெரு கிழக்கே, இரண்டு தெரு வடக்கே, சுற்றாமல் போக எத்தனை வழி என்று கேட்பதும் இதேதான். கிழக்கு, கிழக்கு, கிழக்கு, வடக்கு, வடக்கு என்ற ஐந்தை வரிசைப்படுத்து, 5 சி 2, பத்து.

இப்போது நிறையப் பேரைக் கவிழ்க்கிற ஒன்று, இதில் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். 5 பையன்கள், 4 பெண்கள். மூவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும், குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி: நாலு பெண்களில் ஒருத்தியை எடுத்துவிடு, நிபந்தனை தீர்ந்தது, மீதி எட்டுப் பேரில் இரண்டு பேர், 4 × 28 = 112. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிபந்தனையே இல்லாமல் ஒன்பது பேரில் மூவரை எடுத்தால் 9 சி 3, 84தான்! நிபந்தனை போட்ட பிறகு எண்ணிக்கை கூடுமா? எங்கே போயிற்று என்றால், பேச்சியும் செல்வியும் ஒரு பையனும் உள்ள குழுவை, பேச்சியை முதலில் எடுத்து செல்வியை மீதியில் எடுத்தபோது ஒரு தடவையும், செல்வியை முதலில் எடுத்தபோது இன்னொரு தடவையும் எண்ணிவிட்டோம். மூவருமே பெண்களாக உள்ள குழுவை மூன்று தடவை. சரியான வழி, மொத்தத்திலிருந்து வேண்டாததைக் கழிப்பது: பெண்ணே இல்லாத குழு 5 சி 3, அது 10. 84 − 10 = 74. குறைந்தது என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் எதிர்ப்பக்கத்தை எண்ணுவது சுலபமா என்று பாருங்கள், பெரும்பாலும் சுலபம். 112-உம் விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சேர்ந்து உட்காருவது, சேராமல் உட்காருவது வகையும் வரும். ஆறு பேர் வரிசையாக உட்கார 720 வழி. அதில் இருவர் சேர்ந்தே இருக்கவேண்டும் என்றால் இருவரையும் ஒரே ஆளாகக் கட்டிவிடுங்கள், ஐந்து ஆள், 120 வழி, கட்டுக்குள் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம் என்பதால் 240. சண்டைபோட்டுப் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றால் 720 − 240 = 480. கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தக் கணக்கு எந்நேரமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி. மூன்று நிமிடம் ஆகியும் ஒரு கேள்வி பிடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பொருந்தாத விடைகளை அடித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றைப் போட்டுக் குறியிட்டு நகருங்கள். பகுதியின் கடைசியில் நேரம் இருந்தால் திரும்பிவந்து 3 விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும், அதனால் 21 கேள்விகளையும் தொட்டுவிடவேண்டும். ஐஐஎம்முக்கான கேட் தேர்வில் நிலைமை வேறு, விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்புக்கு 1 மதிப்பெண் கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் கழிவு இல்லை, ஆனால் பின்னாலிருந்து போகும் வித்தையும் அங்கே நடக்காது. இன்னொன்று, தேர்வு மையத்தில் காகிதம் தரமாட்டார்கள், வழவழவென்று லேமினேட் செய்த ஏடும் மார்க்கரும்தான். எனக்குக் கிடைத்த மார்க்கர் பாதியில் காய்ந்துபோய், கையைத் தூக்கி வேறு வாங்குவதற்குள் ஒரு கேள்வி நேரம் போனது. வீட்டிலேயே ஒரு தாளை லேமினேட் போட்டு அதில் எழுதிப் பழகுங்கள், தடித்த எழுத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தப்பு நோட்டு ஒன்று போடுங்கள். கணக்கைத் திரும்ப எழுதவேண்டாம், ஏன் தப்பு என்று ஒரே வரி: 'கேட்டது வடை, சொன்னது பழம்', 'இரண்டு தடவை எண்ணிவிட்டேன்', 'பூச்சியத்தை விட்டுவிட்டேன்'. மருமகன் நோட்டில் முதல் மாதம் முழுக்க முதல் வகைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒன்று கொடுத்தேன். எட்டுப் பையன்கள் ஆற்றுமணலில் விளையாட இறங்குகிறார்கள், நாலு நாலு பேராக இரண்டு அணியாகப் பிரியவேண்டும், எத்தனை வழி? 8 சி 4, 70 என்று எழுதினான். அப்புறம் எட்டுக் கொட்டைகளையும் இரண்டு கூறாகப் பிரித்து வைத்தான். இடது கூறை வலதுக்கும் வலது கூறை இடதுக்கும் மாற்றினான். எழுதிய 70-ஐ அடிக்காமல் நிமிர்ந்து, "மாமா, ஒரு டீமு சட்டை போட்டிருக்கு, இன்னொண்ணு சட்டையக் கழத்திட்டுன்னா எழுவது. ரெண்டும் சட்டை போட்டிருந்தா முப்பத்தஞ்சு. இதுல எதுன்னு கேள்வியில சொல்லலியே?" என்றான்.